மலைக்கு ஒரு பழைய ஜீப்: தேடுவது, வாங்குவது, மீட்டெடுப்பது

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் ஜீப் நெடுங்காலமாக உழைத்து வந்திருக்கிறது. ஆட்களை ஏற்றிச் செல்லவும், பறித்த பழத்தைத் தோல் நீக்கும் பல்ப்பர் கொட்டகைக்குக் கொண்டுவரவும், உரமூட்டைகளைச் சரிவுகளில் இறக்கவும் அதைத் தவிர வேறு வண்டி நுழைய முடியாத பாதைகள் அங்கே இருந்தன. சில இன்றும் இருக்கின்றன. அதனால்தான் நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்திப் பக்கங்களில் ஏதாவது ஒரு கொட்டகையின் மூலையில் தார்ப்பாய் போர்த்திய பழைய ஜீப் ஒன்றை இன்னும் காண முடிகிறது. மலையை விட்டு இறங்கினால் சேலம். லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற சங்ககிரியும் நாமக்கல்லும் அதற்கு அருகிலேயே உள்ளன. கடைசல் வேலை, ஸ்பிரிங் பட்டை கட்டுதல், ரேடியேட்டர் அடைப்பு எடுத்தல், டிங்கரிங் என்று ஒரு பழைய வண்டிக்கு வேண்டிய கைத்தொழில்கள் பெரும்பாலும் இந்த வட்டாரத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.

ஆகவே இங்கே ஜீப் வாங்குகிறவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்டால், என் அனுபவம் சொல்லும் விடை ஒன்றுதான். எஞ்சினைத் திரும்பச் செய்துகொள்ளலாம். பாடியைப் புதிதாகவே கட்டிக்கொள்ளலாம். கியர்பாக்ஸைத் தேடிப் பிடித்துவிடலாம். ஆனால் நேரான சேஸிஸையும் (வண்டியின் அடிச்சட்டம்), அதில் அடித்திருக்கும் எண்ணையும், அந்த எண்ணுக்குரிய ஆவணங்களையும் எந்தப் பட்டறையும் செய்து தர முடியாது. செய்து தருவதாகச் சொல்கிறவர் உங்களைக் குற்றத்துக்கு உடந்தையாக்குகிறார். பெயின்ட் பளபளப்பையும் எஞ்சின் சத்தத்தையும் கேட்டு மயங்கி முன்பணம் கொடுத்தவர்கள் பின்னால் படுகிற பாட்டை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் சேஸிஸ், ஆவணம் ஆகிய இரண்டையும் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

எந்த வண்டி

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, வில்லிஸ் நிறுவனம் எம்.பி. என்ற மாதிரியையும், ஃபோர்டு நிறுவனம் அதே வடிவில் ஜி.பி.டபிள்யூ. என்ற மாதிரியையும் தயாரித்தன. இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல். இவற்றில் ஒன்று விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டால், முதலில் முன்பக்கம் குனிந்து ரேடியேட்டருக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். வில்லிஸ் என்றால் அது உருண்டைக் குழாயாக இருக்கும். ஃபோர்டு என்றால் கவிழ்த்த 'ப' வடிவில் இருக்கும். ஃபோர்டு தன் போல்ட்டுகளிலும் பாகங்களிலும் ஆங்கில 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. முன்கிரில்லில் 9 திறப்புகள் இருப்பது போர்க்கால அடையாளம். 7 திறப்புகள் இருந்தால் அது பின்னர் வந்த சிவில் ஜீப்பின் முகம். டேஷ்போர்டில் அறைந்த பித்தளைத் தகட்டை மட்டும் நம்பிவிட வேண்டாம். அவ்வகைத் தகடுகள் புதிதாகவே விற்கப்படுகின்றன.

நம் பக்கத்தில் அதிகம் கிடைப்பது மஹிந்திரா ஜீப்தான். 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கிய அந்த நிறுவனம், பிறகு சி.ஜே.3பி மாதிரியைப் பல பத்தாண்டுகள் உரிமம் பெற்றுத் தயாரித்தது. அதன் பானெட் உயரமாக இருப்பதற்குக் காரணம் அழகன்று. உள்ளிழுக்கும் வால்வு மேலே ஹெட்டிலும், வெளியேற்றும் வால்வு கீழே பிளாக்கிலும் இருக்கும் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், பழைய எஞ்சினைவிட உயரமானது. அதை மூடுவதற்காகவே பானெட்டை உயர்த்தினார்கள். அடுத்து வந்தவற்றுள் எம்.எம்.540, 2.1 லிட்டர் பெஜோ டீசல் எஞ்சினோடு வந்தது, சி.ஜே.3பி-யின் 80 அங்குல வீல்பேஸுக்கு (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளம்) மாறாக அதன் வீல்பேஸ் 91 அங்குலம் என்பதால் பின்னிருக்கையில் ஆள் உட்கார முடியும்.

ராணுவத்தில் இருந்து வந்த வண்டிதான் வேண்டும் என்றால் ஜோங்காவும் ஜிப்ஸியும் உண்டு. ஜோங்கா, நிசான் நிறுவனத்தின் 'பேட்ரோல்' என்ற மாதிரியை அடிப்படையாகக் கொண்டு ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை உருவானது. 6 சிலிண்டர், 3956 சி.சி. பெட்ரோல் எஞ்சின். அதன் எரிபொருள் செலவுக்கு அஞ்சிப் பலர் டீசல் எஞ்சினை மாற்றிவிட்டார்கள், அதனால் ஆவணச் சிக்கல் அதில்தான் அதிகம். மாருதி ஜிப்ஸி 1985 இறுதியில் 970 சி.சி. எஞ்சினோடு வந்து, பிறகு 1.3 லிட்டராக வளர்ந்தது. இவை எல்லாவற்றிலும், முதல்முறையாக ஒரு ஜீப்பை மீட்டெடுக்க விரும்புகிறவருக்கு நான் சொல்வது சி.ஜே.3பி அல்லது எம்.எம்.540. பாகம் கிடைக்கும், வேலை தெரிந்தவர் கிடைப்பார். போர்க்கால வண்டியை இரண்டாவது முயற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணம்

ஆர்.சி. புத்தகத்தைக் கையில் வாங்கியதும், அதிலுள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, மேலே ஒரு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசிப் படியெடுத்துக்கொள்ளுங்கள். எண்ணைச் சுற்றி வெல்டிங் தடமோ, அரம் போட்ட பள்ளமோ, ஒரு இலக்கம் மட்டும் மற்றவற்றைவிட ஆழமாகவோ இருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்வது நல்லது. அதன்பின் மத்திய அரசின் வாகன விவர இணையதளமான பரிவாகனில் பதிவெண்ணைப் போட்டுப் பாருங்கள். மிகப் பழைய வண்டிகள் பலவற்றின் விவரம் கையெழுத்துப் பதிவேட்டிலேயே நின்றுபோயிருக்கும். அப்படியானால் அதைக் கணினியில் ஏற்றும் வேலையை விற்பவரே தம் பெயரில் முடித்துத் தர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பணம் கைமாறிய பிறகு அந்த அலைச்சல் உங்கள் தலையில்தான் விழும்.

தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஆய்வுக்குக் கொண்டுபோய் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று, அதோடு தமிழ்நாட்டு வரி. இடுக்கியிலிருந்து மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடுகிறவர்கள் இந்த வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஏலத்தில் எடுத்த வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராணுவம் கழித்துவிடும் வண்டிகளில், பழைய இரும்பாக விற்கப்பட்டவை வேறு, வண்டியாகவே விற்கப்பட்டவை வேறு. முதல் வகையை எவராலும் பதிவு செய்ய முடியாது. விற்பனைக் கடிதத்தில் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் குறிப்பிடப்பட்டு, ஒரு பதிவு அலுவலகத்தில் ஏற்கெனவே சிவில் எண் வாங்கிய வண்டியாக இருந்தால் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள். ராணுவ எண் பலகையில் மேல்நோக்கிய அம்புக்குறியை அடுத்து வரும் 2 இலக்கங்கள் கொள்முதல் ஆண்டைக் குறிக்கும். பழைய பெயின்ட்டுக்கு அடியில் அந்த எண் தென்பட்டால், ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு ஆண்டோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அரசுத் துறைகளின் ஜீப்புகளைப் பொறுத்தவரை, 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. அவை உடைப்புக்கே போக வேண்டும். அதற்கு முன்பே முறையாகத் தனியார் பெயருக்கு மாறிய வண்டிகளுக்கு இந்தத் தடை இல்லை.

எஞ்சின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. எனவே பெரிய டயர், நீட்டிய சேஸிஸ், கண்டபடி கட்டிய பாடி ஆகியவற்றோடு வரும் 'மாடிஃபைடு' ஜீப், பார்வைக்கு எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும், ஆய்வாளர் முன்னே நிற்காது. போர்க்கால ஜீப்புகள் இடதுபக்கம் ஸ்டியரிங் கொண்டவை. சட்டத்தின் 120-ஆவது பிரிவுப்படி, அத்தகைய வண்டியில் சைகை காட்டும் கருவி வேலை செய்யும் நிலையில் இருந்தாக வேண்டும்.

2021-இல் வந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுச் செல்லுபடி, எண்ணில் 'விஏ' எழுத்துகள். பெருமையான பலகைதான். ஆனால் கண்காட்சி, பேரணி, எரிபொருள், பழுதுபார்ப்பு போன்ற காரணங்கள் தவிர அந்த வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது. வாரம் ஒருமுறையாவது மலையேற வேண்டும் என்று நினைக்கிறவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்துக்கொள்வதுதான் என் கருத்தில் சரி.

சேஸிஸும் தகடும்

சேஸிஸ் நேராக இருக்கிறதா என்பதைக் கண்ணால் முடிவு செய்ய முடியாது. கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றும், சாக்குக்கட்டியும், அளவுநாடாவும் போதும். சமதளமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்தி, நான்கு ஸ்பிரிங் தொங்கும் இடங்களிலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கித் தரையில் புள்ளி வையுங்கள். வண்டியைத் தள்ளிவிட்டு மூலைக்கு மூலை அளந்தால், இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது. அடுத்து, ஸ்டியரிங் பாக்ஸ் பூட்டிய இடம், பின் ஸ்பிரிங் ஷேக்கிள் தொங்கும் இடம், எஞ்சின் உட்காரும் குறுக்குச் சட்டம் ஆகிய மூன்றையும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, டார்ச் அடித்து வெடிப்புத் தேடுங்கள். தோட்ட வண்டிகள் பல ஆண்டுகள் ட்ரெய்லர் இழுத்தவை என்பதால் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் வெடிப்பு சாதாரணம். முறையாக வெல்டிங் செய்தால் அது பெரிய குறையில்லை.

தகட்டைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சேலத்தில் நெடுநாள் டிங்கரிங் செய்த பெரியவர் ஒருவர். ஏற்காட்டில் ஒரு ஜீப்பைப் பார்க்க அவரை அழைத்துப் போயிருந்தேன். சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. கீறல் விழாமலிருக்க அதை வேட்டித் துண்டில் சுற்றி வைத்திருந்தார். அதை ஓட்டுநர் பக்கத் தகட்டில் வைத்தபோது 'டக்' என்று பிடித்தது. ஒரு சாண் தள்ளிப் பின்சக்கரத்துக்கு மேலே வைத்தபோது கையோடு வழுக்கிக் கீழே வந்தது. "இங்க பிடிக்குதுங்க தம்பி, இங்க பிடிக்கலீங்க. இது தகடு இல்லீங்க, பட்டி" என்று சொல்லிவிட்டு, உரிமையாளரிடம் அனுமதி கேட்டு ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டினார். பள்ளத்தையும் ஓட்டையையும் மறைக்கப் பூசும் அந்தப் பட்டி விரல் தடிமனில் ஓடு ஓடாக உதிர்ந்தது; அதன் பின்னால் தகடு என்று சொல்ல ஒன்றும் இல்லை, துருவின் சல்லடைதான் இருந்தது. அந்த வண்டியைத்தான் பிறகு வாங்கினேன், ஏனென்றால் சேஸிஸும் ஆர்.சி.யும் சுத்தமாக இருந்தன. விலையை மட்டும் அந்தக் காந்தம் குறைத்துக் கொடுத்தது.

மலைமேல் நின்ற வண்டிக்கும் சமவெளியில் நின்ற வண்டிக்கும் நோய் வேறு. ஏற்காட்டு மழையிலும் பனிமூட்டத்திலும் தரைத்தகடும் பாடி தாங்கிகளும் முதலில் போகும். சேலத்து வெயிலில் தகடு பிழைத்திருக்க, வயரின் உறையும் ரப்பரும் வெடித்திருக்கும். போர்க்கால ஜீப்பில் தரைக்கு அடியில் ஓடும் தாங்கிகளுக்குள் மரக்கட்டை வைத்திருந்தார்கள். அது ஈரத்தைப் பிடித்து உள்ளிருந்தே இரும்பைத் தின்றுவிடும். கைப்பிடியால் தட்டினால் மந்தமான சத்தம் வரும் இடத்தில் சந்தேகப்படுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள். கம்ப்ரஷன் மானியில் நான்கு சிலிண்டர்களுக்கும் இடையே 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் சக்கர பேரிங் தேய்ந்திருக்கிறது. நிற்கவில்லை என்றால், சக்கரம் திரும்புவதற்கு அச்சாணியாக இருக்கும் கிங்பின் தேய்ந்திருக்கிறது. பழைய வில்லிஸ் வகை வண்டிகளில் முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர்கள் உரசாமல் சேர உதவும் அமைப்பு) கிடையாது என்பதால், ஓடும்போது அதில் விழும் கரகரப்பைக் கியர்பாக்ஸின் குறையாக எண்ண வேண்டாம். கிளட்சை இரண்டுமுறை மிதித்துப் போடப் பழகிக்கொள்ள வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தை மண் தரையில் மட்டும் போட்டுப் பாருங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில், அவை வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியை உலர்ந்த தார்ச்சாலை வளைவில் அப்படி ஓட்டினால் அச்சுகள் முறுக்கேறி, கியர் கழலாமல் நின்றுவிடும்.

எதை முதலில் செய்வது

முதலில் பிரேக், அடுத்து ஸ்டியரிங், அதற்கடுத்து ரேடியேட்டர். இந்த மூன்றும் முடியும்வரை பெயின்ட் கடைப் பக்கம் போகாதீர்கள். இதை நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் சி.ஜே.3பி-க்குப் பிரேக் வேலை முழுவதும் செய்யச் சொல்லிச் சேலத்தில் ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். நான்கு சக்கரங்களுக்கும் புதிய ஷூ போட்டிருந்தார்கள். வீல் சிலிண்டர்களும் மாற்றியதாகப் பில்லில் இருந்தது. இரண்டாவது வாரம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, கீழிருந்து எண்ணினால் ஏழாவதாக வரும் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் மிதித்த பெடல் தரைவரை போய்விட்டது. வண்டி இரண்டாம் கியரில் இருந்தது. சிங்க்ரோ இல்லாததால் அந்த வேகத்தில் முதல் கியர் விழாது. ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, வண்டியை மலைப்பக்க ஓடைக்குள் உரசவிட்டு நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தபோது பின் இடது டயரின் உட்புறம் முழுவதும் பிரேக் ஆயில் வழிந்து பளபளத்தது. டிரம்மைக் கழற்றினால் உள்ளே பழைய சிலிண்டர்தான் இருந்தது. வெளியே மட்டும் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள், உள்ளே ரப்பர் கப் கிழிந்திருந்தது.

இந்த ஜீப்புகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் வழிதான். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போய்விடும். ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்தில் இல்லை, எஞ்சின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ப்ரொபெல்லர் சாஃப்டைப் பிடிக்கிறது. வேகத்தில் ஒரேயடியாக இழுத்தால் சாஃப்ட் முறியக்கூடும். எனவே மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், இரும்புக் குழாய், ரப்பர் ஹோஸ் அனைத்தையும் ஒரே முறையில் மாற்றுங்கள். டிரம்மை மூடும் முன் நீங்களே நேரில் நின்று பாருங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதால், மலையில் வைத்திருக்கும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. முன் அச்சின் நக்கிள் சீல் ஒழுகினால் கிரீஸ் ஷூவில் ஏறிவிடும். அதையும் இதே வேலையோடு முடித்துவிடுங்கள்.

ஸ்டியரிங் ஆட்டத்துக்குப் பாக்ஸைக் குறை சொல்லும் முன், முன் குறுக்குச் சட்டத்தின் நடுவே, ஸ்டியரிங் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் நெம்புகோலான பெல் கிராங்கைப் பாருங்கள். அதன் புஷ்ஷும் பின்னும் தேய்ந்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். எந்த லேத்திலும் அரை நாளில் கடைந்து தருவார்கள். ரேடியேட்டர் செம்பு, பித்தளையால் ஆனது என்றால் அதை எறிந்துவிடாமல், மேல்தொட்டியைப் பிரித்துக் குழாய்களைக் கம்பிவிட்டுச் சுத்தம் செய்யக் கொடுங்கள். அடிவாரத்திலிருந்து 20 வளைவுகளைச் சூடு ஏறாமல் கடக்கச் சுத்தமான பழைய ரேடியேட்டரே போதும்.

எஞ்சினைப் பிரித்தால், தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்கக் கொடுக்கும் முன் வெளியேற்றும் வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையே மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று சாயம் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த பிளாக்குகளின் பலவீனமான இடம் அது. சிலிண்டர்களில் தீப்பொறி விழும் ஃபயரிங் வரிசை 1-3-4-2. சி.ஜே.3பி பெட்ரோல் எஞ்சினின் வால்வு இடைவெளி உள்ளிழுப்புக்கு 0.018 அங்குலம், வெளியேற்றத்துக்கு 0.016 அங்குலம். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப் டயஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றியே ஆக வேண்டும். நீண்ட நாள் நிறுத்துவதானால் டேங்கையும் கார்பரேட்டரையும் காலி செய்துவிடுங்கள்.

பாடி வேலையில் ஒரே எச்சரிக்கை: மணல் பீச்சித் துரு எடுப்பது சேஸிஸுக்கு நல்லது, மெல்லிய தகட்டுக்கு ஆகாது, பானெட் நெளிந்துவிடும். டயரில், ராணுவத் தோற்றத்துக்காக என்.டி.டி. (நான்-டைரக்ஷனல் ட்ரெட்) எனப்படும் பழைய ராணுவ டயர் வகையைப் போடுவார்கள். சேற்றில் அது நன்றாகப் பிடிக்கும். மழை பெய்த தார்ச்சாலையில் வழுக்கும். நவம்பரில் மலையேறுகிறவர்கள் சாதாரணச் சாலை டயரோடு போவதே பாதுகாப்பு.

நிறம் பற்றிப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, விதி 121-இன்படி, பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமல்லாத எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. ராணுவ ஜீப் என்றாலே அந்தப் பச்சைதான் மனத்தில் நிற்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அது பணியில் இருக்கும் படைவீரர்களின் வண்டிக்கு உரிய நிறம், அதை அவர்களுக்கே விட்டுவிடுவதுதான் மரியாதை. அம்புக்குறி, படைப்பிரிவுச் சின்னம், நட்சத்திரம் எதுவும் வேண்டாம். மணல் நிறமும் சாம்பலும் இந்த வடிவத்துக்கு மிக அழகாகப் பொருந்தும். எந்த நிறம் அடித்தாலும் அதை ஆர்.சி.யில் ஏற்றிவிடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு முதல் மலையேற்றத்தை வார நாளில், விடியற்காலையில், ஒரு துணையோடு வைத்துக்கொள்ளுங்கள். மேலே போனதும் எஞ்சினை உடனே அணைக்காமல் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, தண்ணீரும் எண்ணெயும் ஒழுகுகிறதா என்று அடியில் பாருங்கள். இறங்கும்போது இரண்டாம் கியரை விடாதீர்கள். அடிவாரத்தில் நிறுத்தி, நான்கு பிரேக் டிரம்களுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். நான்கும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது பிடிக்கவில்லை, ஒன்று மட்டும் தகித்தால் அது பிடித்தபடியே ஓடியிருக்கிறது. வீட்டுக்குப் போனதும் அந்தச் சக்கரத்தைத்தான் முதலில் கழற்ற வேண்டும்.